தொட்டிக்குள் சிக்னல் இல்லை

நான் குடிநீர்க் குழாய்களை வடிவமைக்கும் பொறியியலாளர். கிழக்கு லண்டனில் இல்ஃபோர்டில் அம்மாவுடன் வசிக்கிறேன். சிறுநீரகங்கள் செயலிழந்த அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்; தண்ணீரும் அளந்துதான் குடிக்கலாம். மாற்றுச் சிறுநீரகத்துக்காக நான்கு வருடங்களாகக் காத்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது என்று மருத்துவமனைக்கு என் எண்ணை மட்டுமே கொடுத்திருந்தேன்.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை, மத்திய லண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடியிலுள்ள ரோமர் காலத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனேன். வழக்கம்போலப் பட்டியல் போட்டே புறப்பட்டேன்: முன்பதிவுச் சீட்டு, வழுக்காத சப்பாத்து, டார்ச், முழுதாகச் சார்ஜ் செய்த போன். கீழே சிக்னல் கிடைக்குமா என்பது பட்டியலில் இல்லை. தண்ணீர் கசியாதிருக்கப் பூசியிருந்த, செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புப் பூச்சைத் தடவிப் பார்த்தபடி எழுபது நிமிடங்கள் நின்றுவிட்டேன்.

மேலே வந்ததும் போனில் எடுக்காத அழைப்புகள் ஆறு இருந்தன. திருப்பி அழைத்தேன். பொருத்தமான சிறுநீரகம் கிடைத்ததாகவும், அதற்கு மேல் காத்திருக்க முடியாமல் வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டதாகவும் மருத்துவமனையில் சொன்னார்கள்.

அம்மாவிடம் மறைக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஒரு நாளைக்கு அரை லீட்டருக்கு மேல குடிக்க ஏலாதவளை விட்டிட்டு, தண்ணித் தொட்டி பாக்கப் போனனீயோ?"

"ஓம் அம்மா."

"தண்ணி இருந்ததோ?"

"இல்லை. வெறும் தொட்டி."

இப்போது மருத்துவமனையிடம் மூன்று எண்கள் இருக்கின்றன. முதலாவது அம்மாவுடையது. "யெஸ், ஐ ஆம் கமிங்" என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். தினமும் காலையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார். அதைக் கேட்க ஒரு வருடமாக யாரும் அழைக்கவில்லை.