கண்ணாடியை மறந்தவர்கள்

பள்ளிக்கூடத்துச் சேவைத் திட்டம் எழுத, ஊருக்கு என்ன தேவையென்று வீடு வீடாகக் கேட்டு வந்தாள் அந்த மாணவி. மெலிந்த முகம், விரலெல்லாம் மை. எழுதிய ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லித் தாளை நீட்டி, "இதுதானே சொன்னீங்க?" என்று கேட்பது அவள் வழக்கம்.

என்னிடமும் நீட்டினாள்.

"கண்ணாடிய மகன்ட ஊட்ட வெச்சிட்டு வந்திட்டன் புள்ள," என்றேன். எழுத்துத் தெரியாதென்று நான் எவரிடமும் சொன்னதில்லை.

"பக்கத்து ஊட்டு மூத்தம்மாவும் இதத்தான் சொன்னாங்க. இந்தத் தெருவுல எல்லாரும் கண்ணாடிய மறந்திட்டீங்க போல," என்று சிரித்தாள்.

தாளின் தலைப்பில் முதலில் எழுதியிருந்த மரம் நடும் திட்டத்தை என் முன்னாலேயே வெட்டிவிட்டு, பெண்களுக்கு எழுத்து வகுப்பு என்று எழுதி, வாசித்தும் காட்டினாள்.

வகுப்பு நடந்தது. அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய்விட்டாள். இதை என் கையாலேயே எழுதுகிறேன். ஒருதரம் வந்து அந்தத் தாளை நீட்டினால் போதும். கண்ணாடி இப்போது என்னிடம்தான் இருக்கிறது.