கோட்டைக்கு முன்னால் எடுத்த படங்கள்

முதுகில் சேப்டி பின் படும்போது சில்லென்று இருக்கும். அப்பா என் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார், பொருந்தாது. இடைவெளியில் ஒரு கைக்குட்டையை, எங்கள் பேச்சில் "லேஞ்சி"யை, வைத்து இரு பக்கமும் பின் குத்திவிடுவார். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த சட்டைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பாவும் நானும் மட்டும் ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். எங்களிடம் வந்துசேர "ஸ்பொன்சர்" விசா சரிவரும்வரை கொழும்பில் காத்திருந்த அம்மா, இங்கே வருகிறவர்களிடம் எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்துவிடுவார். சட்டை கிடைத்த அடுத்த ஞாயிறு, அப்பா என்னைச் சப்வேயில் கூட்டிப்போய், குன்றின் மேல் ஒரு பணக்காரக் குடும்பம் தனக்கென்று கட்டிய கோட்டைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார். ஊருக்கு அனுப்பும் படத்தில் பின்னால் ஏதாவது "பெரிசாய்" இருக்கவேண்டும் என்பது அன்றைய எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்து நின்றவர்களும் உண்டு. கோபுரம் முழுக்க விழவேண்டுமென்று அப்பா பூந்தோட்டத்தின் கடைசிவரை பின்னாலே போவார். படத்தில் நான் விரலளவுதான் தெரிவேன். அதைப் பார்த்துத்தான் அம்மா அடுத்த சட்டைக்கு அளவு பிடித்தார்.

"சட்டை காணாது, சின்னனெண்டு எழுதுங்கோவன் அப்பா" என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதினால், பிள்ளை தன்ரை கண்ணுக்கு முன்னாலை வளரேல்லையெண்டு அவ அங்கை இருந்து அழுவா. நீ சிரி."

சிரித்தேன். அவர் தூரப் போய்க்கொண்டே இருப்பார். இத்தனை அறை இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளை தாயை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று யன்னல்களை எண்ணிக்கொண்டு நிற்பேன்.

நான்கு வருடம் கழித்து அம்மா வந்தார். விமானநிலையத்தில் அவர் கண்கள் என்னைத் தாண்டிப்போய், எனக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளையைத் தேடின. "நான்தான் அம்மா" என்று சொல்லவேண்டியிருந்தது. அன்று எனக்கு அம்மாமேல் வந்த கோபம் ஆற வருடக்கணக்காகியது.

அப்பா போன வருடம் இறந்துவிட்டார். செத்தவீட்டுக்கு என்று பழைய படங்களையெல்லாம் கிளறினோம். அந்த நான்கு வருடத்துப் படம் ஒன்றிலும் அவர் இல்லை. சில நாட்களில் அம்மா, "உந்தக் கோட்டைக்கு என்னை ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ" என்றார். அதுவரை எத்தனை தரம் கூப்பிட்டும் வராதவர்.

இப்போது நாங்கள் இருக்கும் மில்லிக்கனிலிருந்து காரில் போனோம். வாசலில் ஒரு கலியாணச் சோடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கோட்டையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அப்பா எங்கை நிண்டு எடுத்தவர்?"

நான் முந்தி நின்று சிரித்த இடத்திலிருந்தே கையைக் காட்டினேன். அங்கே இருந்த பூப்பாத்தி இப்போது இல்லை, கல் பதித்துவிட்டார்கள். அம்மா பொல்லை ஊன்றி மெல்ல மெல்ல நடந்து அந்த இடத்துக்குப் போய், திரும்பி என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். குளிருகிறதோ என்று கிட்டப் போனேன்.

"இவ்வளவு தூரத்திலையே பிள்ளை நீ தனிய நிண்டனி?"

"ஓம்" என்றேன்.