பெட்டியோடு ஒரு வெள்ளோட்டம்

அந்தப் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையலறை மேசையில் தொடங்கியது. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மகள் நான்கு நாள் பயணத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி அப்பாவின் முன்னால் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலேயே விரலை வைத்து நிறுத்தினார்.

“ஸ்டேஷன்லேருந்து ஹோட்டலுக்குப் பன்னிரண்டு நிமிஷம்னு போட்டிருக்கியே, யார் சொன்னது?”

“போன்ல பார்த்தேம்பா.”

“போன் நடந்து பார்த்துச்சா?”

“அது நடந்தா உங்களைவிட வேகமாத்தான் நடக்கும்,” என்றாள் அம்மா, பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சிஸ்டரம்மா, உங்களை யாரும் கேக்கல. பாப்பா, இந்தப் பன்னிரண்டு நிமிஷம் வெறுங்கையோட நடக்கிறவனுக்கா, பெட்டி தூக்கிட்டு நடக்கிறவனுக்கா?”

மகள் விழித்தாள். அது எந்தத் திரையிலும் வரவில்லை.

“தெரியலப்பா.”

“அப்ப ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்துடுவோம். இங்கேயே.”

“நம்ம தெருவுலயா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க,” என்றாள் அம்மா.

“சிரிக்கட்டுமே. அங்க போய் நடுரோட்டுல நின்னு முழிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.”

அவர் அப்படிச் சொன்னதில் வீட்டில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பேருந்து நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் முப்பத்தோரு வருஷம் நேரக் காப்பாளராக உட்கார்ந்திருந்தவர். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நிமிஷம்’. புதிய தடம் ஒன்று தொடங்கும் முன் இருக்கைக்கு ஒரு மணல் மூட்டை ஏற்றி, அந்த வண்டியில் தானும் ஏறி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நேரம் குறிப்பார். காலி வண்டி ஓட்டி எடுத்த நேரம் செல்லாது என்பது அவர் கட்சி. அதில் அவரை யாராலும் அசைக்க முடிந்ததில்லை.

அந்த வேலைதான் இந்தப் பயணத்தை இத்தனை காலம் தின்றது. அம்மா கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் இப்போது போகவிருக்கும் பெருநகரத்தில்தான் செவிலியர் படிப்பு படித்தாள். தான் தங்கிய விடுதியையும், மூடுபனியில் எதிர்க்கரை தெரியாத ஆற்றையும் அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. பனிக்காலத்தில்தான் பார்க்க வேண்டும் என்பாள். பனிக்கால விடுமுறையிலோ ஊரே பயணம் போகும், கூடுதல் வண்டிகள் ஓடும், நிமிஷத்துக்கு விடுப்புக் கிடைக்காது. ‘அடுத்த வருஷம்’ என்று அவர் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது இருவருமே ஓய்வு பெற்றாகிவிட்டது. பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம். டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

அன்று மாலையே பெட்டிகளில் பழைய வார இதழ்களை அடுக்கினார். குளியலறைத் தராசில் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்துப் பார்த்து, அம்மாவின் பெட்டியிலிருந்து நான்கு இதழ்களை எடுத்துத் தன் பெட்டியில் வைத்தார். மூன்று பேரும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தெருமுனையில் துணி தேய்ப்பவர் பெட்டிகளைப் பார்த்துவிட்டார்.

“எந்த ஊருக்கு சார்?”

“எங்கேயும் இல்லப்பா. சும்மா.”

“சும்மாவா? மூணு பெட்டியோடவா?”

“இவரைக் கட்டிக்கிட்டா சும்மா போறதுக்கே மூணு பெட்டி வேணும்,” என்று சொல்லிக்கொண்டே அம்மா நடந்தாள். அவள் நடை முப்பது வருஷம் வார்டு வார்டாக நடந்து பழகிய நடை. மகள்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

திட்டத்தில் இருந்த அருங்காட்சியகத்துக்குப் பதிலாகக் கடைவீதியின் மரச்சாமான் கடைக்குள் நாற்பது நிமிஷம் சுற்றுவது என்று ஏற்பாடு. அம்மா ஒவ்வொரு சோபாவிலும் உட்கார்ந்து எழுந்தாள். “ஏங்க, மியூசியத்துல இப்படி உக்கார விடுவாங்களா?” என்று அவள் கேட்டதற்கு, “தொடக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருப்பான், எந்திரி,” என்றார். அப்போதே அவர் குரல் சற்று இறங்கியிருந்தது. மகள் அதைக் கடை இரைச்சலின் கணக்கில் விட்டுவிட்டாள்.

ரயில் நிலையத்தில் நடைமேடை மாறும் படிகளுக்கு ஈடாக, பெரிய சாலையைக் கடக்கும் நடைபாலம். நாற்பத்தாறு படி. அம்மா பெட்டியோடு மேலே போய்விட்டாள். அப்பா பாதிப் படியில் பெட்டியை இறக்கி வைத்து நின்று, சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக் கம்பியின் மேல் வைத்தார். அவர் நிற்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். எங்கே போனாலும் நின்று நேரம் குறிக்கிற மனுஷர்தானே.

இரண்டு படி கீழே நின்ற மகள் கவனித்தாள். பென்சில் தாளில் பட்டபடியே இருந்தது, நகரவில்லை. இன்னொரு கை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் குளிரிலும் அவர் காதோரம் வேர்வை வழிந்தது.

“அப்பா?”

“நேரம் குறிச்சுக்கிறேன். இரு.”

“ஒண்ணும் எழுதலையேப்பா.”

மேலேயிருந்து அம்மா கூப்பிட்டாள். “என்ன நிமிஷம் சார், வண்டி கிளம்புமா, கிளம்பாதா?”

“கிளம்புது, கிளம்புது,” என்று மூச்சைக் கூட்டிச் சொல்லிவிட்டு, மகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

அவள் இரண்டு படி ஏறி வந்தாள். அவர் காலடியில் இருந்த பெட்டியைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டாள். திரும்பி வருகையில் துணி தேய்ப்பவர், “அதுக்குள்ள வந்துட்டீங்களா?” என்று சிரித்தார். அவளுக்குச் சிரிக்க வரவில்லை.

அம்மா குளிக்கப் போன நேரத்தில் அப்பாவே வாய் திறந்தார். நான்கு மாதமாக இப்படி. அம்மா வேலை பார்த்த மருத்துவமனையில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்று, ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஊரின் மறுகோடியில் ஓர் இதய மருத்துவரைப் பார்த்து வருகிறார். ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு. மூக்குக்கண்ணாடிக் கூட்டில், துடைக்கும் துணிக்கு அடியில் மாத்திரை அட்டை இருந்தது. வெள்ளோட்டம் என்று கிளப்பியதே தன்னால் முடியுமா என்று பார்க்கத்தான்.

“முதல்ல அந்த டாக்டரை நான் பார்க்கணும்பா. அப்புறந்தான் மத்ததெல்லாம்.”

அந்த மருத்துவரிடம் மூன்று நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அந்த மூன்று நாளும் மகள் அவளாக இல்லை. பல் மருத்துவமனை வரவேற்பில் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டு, இருவரிடமும் திட்டு வாங்கினாள். வீட்டில் அம்மா பழைய விடுதித் தோழிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே ஸ்வெட்டர் மடிப்பதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. சொல்லிவிட்டால் அம்மாவின் பயணம் போய்விடும். சொல்லாமல் போய் அங்கே ஏதாவது ஆகிவிட்டால்?

மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: போகலாம். பெட்டி தூக்கக் கூடாது, நின்று நின்று ஏற வேண்டும், மாத்திரை கையிலேயே இருக்க வேண்டும், வலி நிற்கவில்லை என்றால் அடுத்த நொடியே மருத்துவமனை. திரும்பி வந்த வாரமே அடைப்பை எடுத்துவிடலாம்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

“ஊர் திரும்பி வந்த அன்னிக்கே அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்,” என்றார். “இப்பச் சொன்னா டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு என்னைக் கட்டில்ல படுக்க வெச்சுடுவா. இத்தனை வருஷம் என்னாலதான் போகல. இந்த வருஷமும் என்னாலயே நின்னுச்சுன்னு ஆகக் கூடாதும்மா.”

“அம்மா நர்ஸுப்பா. உங்க மூஞ்சியைப் பார்த்தா ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க.”

“தெரியும். அதுக்குத்தான் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.” அவர் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் அவர் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. “அங்க படிக்கட்டு வர்ற இடத்துலயெல்லாம், நான் நிக்கிறதுக்கு முன்னாடி நீ நின்னுடு. கால் வலிக்குதுன்னு சொல்லு. கொஞ்சம் நொண்டினாலும் தப்பில்ல. அவ என் மூஞ்சியைப் பார்க்காம இருக்கணும்னா, உன் காலைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். செய்வியா?”