ஆளில்லாத மேல் வயர்

போஸ்ட்டை நடுவதுதான் எங்கள் வேலை. அதில் ஏறிக் கட்டுவதற்கு ஊரே வரும். கேபிள் டிவிக்காரன் கட்டுவான், இன்டர்நெட்காரன் கட்டுவான், அவனுக்கு மேலே இன்னொருத்தன் கட்டுவான். யாரும் எங்களிடம் கேட்பதில்லை. அவிழ்க்கச் சொன்னால் மட்டும் ஒருத்தனும் போனை எடுக்கமாட்டான்.

ராஜபாளையத்தில் நான் கரண்ட் ஆபீஸ் வயர்மேன். எங்கள் ஏரியாவில் தெருவுக்குத் தெரு ஜோடி போஸ்ட் நிற்கும். பழையது விரிசல் விட்டால் பக்கத்தில் புதுசு நட்டு, கரண்ட் லைனை அதற்கு மாற்றிவிடுவோம். கேபிள்காரர்கள் தங்கள் வயரையும் மாற்றினால்தான் பழையதைப் பிடுங்க முடியும். மாற்றமாட்டார்கள். ஆபீஸில் கேட்டால் எல்லாம் பெண்டிங் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

எங்கள் ஏரியாவில் ஒரு சந்தில் நின்ற போஸ்ட்டை ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டது. அடியில் காங்கிரீட் நொறுங்கிக் கம்பி தெரிந்தது. போஸ்ட் ஒரு வீட்டுப் பக்கமாகச் சாய்ந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஓடு போட்ட வீடு. வீட்டுக்காரர் பட்டாளத்தில் எங்கோ வடக்கே இருந்தார். அவர் மனைவி பேண்டேஜ் துணி மடித்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை. போஸ்ட் சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழேதான் தாயும் பிள்ளையும் படுக்கிற அறை.

நாங்கள் உடனே புதுப் போஸ்ட் நட்டுக் கரண்ட் லைனை மாற்றிவிட்டோம். பழையதில் மூன்று வயர் மிச்சம். கேபிள்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேலே கட்டினவன்தான் முதலில் இறக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்தவன். கீழே உள்ளவன் முந்திக்கொண்டு இறக்கி, மேல் வயர் அறுந்தால் தண்டம் கீழே உள்ளவன் தலையில். அதனால் கீழே இருந்த இரண்டு பேரும், மேல் வயர் இறங்கட்டும், செத்த நேரத்தில் வந்துவிடுகிறோம் என்றார்கள். மேல் வயர் யாருடையது என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருந்த ஒரு ஆள் என்று மட்டும் சொன்னார்கள்.

லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அந்தக் கடையில் இப்போது ஒரு பாய் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அலுத்துக்கொண்டார்.

"அவன் கடையக் காலி பண்ணி எம்புட்டுக் காலமாச்சு. வயருக்காரன் எங்கன்னு வாரவுகளுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்திருந்தா நானும் காலி பண்ணிருப்பேன். உமக்கு வேணா ஒரு கவர் போட்டுத் தாரேன், வெறுங்கையோட போகாதேயும்."

வெறுங்கையோடுதான் வந்தேன்.

ஆளே இல்லாத வயர், அறுத்துவிடலாமா என்று எங்கள் ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ.யிடம் கேட்டேன். கூடாது என்றார். முன்னால் ஒரு வயர்மேன் இப்படித்தான் செத்த வயர் என்று நினைத்து ஒன்றை அறுத்தார். அது போலீஸ் கேமரா வயர். மெமோ வாங்கி அலைந்தார். அதிலிருந்து எங்கள் ஆபீஸில் எவனும் அடுத்தவன் வயரில் கை வைப்பதில்லை. எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்றார் ஜே.இ. யாருக்கு எழுதினார்? ஊரை விட்டே போனவனுக்கு.

அந்தப் பட்டாளத்துக்காரர் மனைவி வாரத்துக்கு ஒருமுறையாவது ஆபீஸ் வாசலில் நிற்கும். சத்தம் போடாது. அதுதான் எனக்குத் தாங்காது. ராத்திரிக்குப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் படுக்கப் போட்டுவிட்டு, தான் மட்டும் அந்த அறையில் படுப்பதாகச் சொன்னது. ஏனென்று கேட்டேன். மடிக்கிற பேண்டேஜ் துணியெல்லாம் அங்கேதான் இருக்கிறது, போட்டுவிட்டு எங்கே போக என்றது.

ஆடி பிறந்ததும் மலைக்காற்று பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் அந்தச் சந்திலிருந்து போன் வந்தது. நான் போனபோது போஸ்ட்டின் தலை கூரையில் உட்கார்ந்திருந்தது. ஓட்டில் விரிசல் விழுந்துவிட்டது. அடியில் பிடிமானமே இல்லை. அந்த மூன்று வயரில்தான் மொத்தப் போஸ்ட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ் வயர்க்காரர்கள் இரண்டு பேருக்கும் போன் போட்டேன். ஒருத்தர் சோழபுரத்தில் இருக்கிறேன் என்றார். ஒருத்தர் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றார். மேல் வயர் இறங்கிவிட்டதா என்று இரண்டு பேரும் மறக்காமல் கேட்டார்கள்.

அந்தப் பெண் வாசலிலேயே நின்றது.

"அண்ணே, அவிய வரட்டும் இவிய வரட்டும்னு எம்புட்டு நாளைக்கு எம்புள்ளைய அடுத்தவுக வீட்டுல போடுறது? நீங்க அறுக்காட்டி நான் ஏறி அறுக்கேன். என்னைய ஜெயில்ல போடட்டும்."

"நீ ஏற வேண்டாம்மா. நான் ஏறுதேன்."

ஜே.இ.க்கு நான் போன் செய்யவில்லை. செய்தால் கூடாது என்பார். எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு, பழைய போஸ்ட்டைத் தடிக்கயிற்றால் சுற்றி, கயிற்றைப் புதுப் போஸ்ட்டில் வளைத்துப் பிடிக்கச் சொன்னேன். ஏணியைப் புதுப் போஸ்ட்டில் சாத்தி ஏறினேன். மேல் வயரில் கட்டரை வைத்தேன். போஸ்ட்டைவிட மெமோவுக்குத்தான் பயந்தேன். எனக்கும் பிள்ளைகள் படிக்கின்றன. அறுத்தேன். கீழே இறங்கி இரண்டு பேருக்கும் போன் போட்டு, மேல் வயர் போயாச்சு, இனி உங்கள் முறை என்றேன். சோழபுரத்தில் இருந்தவரும் வந்தார், மீட்டிங்கில் இருந்தவரும் வந்தார். நான் ஒரு டீ குடிப்பதற்குள் இரண்டு வயரும் புதுப் போஸ்ட்டுக்குப் போய்விட்டன. கயிற்றை மெல்ல மெல்ல விட்டுப் பழையதைத் தெருவில் படுக்கப் போட்டோம்.

அன்றைக்கு முழுக்க என் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாளும் பார்த்தேன். டிவி தெரியவில்லை என்று ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை. கேமரா வேலை செய்யவில்லை என்று யாரும் வரவில்லை. அந்த வயரில் எதுவுமே ஓடவில்லை. ஒன்றும் ஓடாத ஒரு வயருக்காக மாசக்கணக்கில் ஒரு தாயையும் பிள்ளையையும் ஆளுக்கொரு வீட்டில் படுக்க வைத்திருந்தோம். கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அன்றைக்கு ஆபீஸில் பேசிவிட்டேன்.

விழுந்த போஸ்ட்டை அள்ளிப் போக வண்டி வரவில்லை. அதுவும் பெண்டிங்தான். வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று அந்தப் பெண்ணிடம் வருத்தப்பட்டேன்.

"கெடந்துட்டுப் போகுதுண்ணே," என்றது. "ஓட்ட மாத்துன பொறவு அந்த ரூம்ல படுக்கோம். இன்னைக்கு அடுப்படியில எடம் ஒதுக்கிட்டேன். எம்புள்ள எங்கிட்டப் படுக்கட்டும்."

பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தது. கிடந்த போஸ்ட்டைத் தாண்டும்போது பாயை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொண்டது.