விசையுந்துக்குப் பூட்டிய சீருந்து டயர்

நான் பணியாற்றிய பள்ளியின் விழா மலர் ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரைப் போற்றும் கட்டுரை அதில் இருக்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் தம் விசையுந்தின் பின்சக்கரத்திற்குச் சீருந்தின் டயரைப் பூட்டி, மதிநுட்பத்தால் தம் இல்லத்தரசியாரை மலையேற்றிக் கொணர்ந்தார் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அச்சேறிய பொய்க்கு ஆயுள் மிகுதி. அக்கட்டுரையைப் படித்துவிட்டு, கொடைக்கானலில் ஓர் இளைஞர் தாமும் அவ்வாறு பூட்டுவதற்கு டயர் தேடி அலைகிறார் என்றும் கேள்வியுற்றேன். அவர் மணமானவர். ஆகவே நடந்ததை நடந்தவாறே எழுதிவைப்பது என் கடமையாயிற்று.

மோட்டார் சைக்கிளை விசையுந்து என்றும் காரைச் சீருந்து என்றும் எழுதுவது என் வழக்கம். டயருக்கும் நல்ல தமிழ்ச்சொல் புனையலாம். ஆயினும் அச்சொல்லைச் சொல்லி எந்தக் கடையிலும் டயர் வாங்க இயலாது. எனவே டயரை டயராகவே விட்டுவிட்டேன்.

அந்தக் கணித ஆசிரியர் என் நண்பர். கொடைக்கானலில் ஒரே பள்ளியில் பணிபுரிந்தோம்; அருகே அட்டுவம்பட்டியில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தோம். நான் தமிழாசிரியன், அவரினும் சில ஆண்டுகள் மூத்தவன். எதைச் செய்வதாயினும் முதலில் கரும்பலகையில் வரைந்து பார்ப்பது அவர் இயல்பு. பலகையில் நின்றது தரையிலும் நிற்கும் என்பது அவர் கொள்கை. கொடைக்கானலில் கரும்பலகை ஒன்றுதான் சமதளம் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

அவருடைய மனைவியார் வத்தலக்குண்டைச் சேர்ந்தவர். மணமாகி முதன்முதல் மலையேறி வந்தபோது, மலையடிவாரத்துக் காட்ரோட்டில் தொடங்கிப் பெருமாள்மலை வரையில் பேருந்தின் சன்னலை விட்டுத் தலையை உள்ளே எடுக்கவில்லை. அந்நாளில் ஒரு பேருந்து மலையிறங்கி வந்தது என்பதை அதன் பக்கவாட்டில் வழிந்து காய்ந்த கோடுகளைக் கொண்டே அறியலாம். அக்கோடுகளுள் ஒன்றாக இனித் தாம் இருப்பதில்லை என்று அவ்வம்மையார் உறுதி பூண்டார். தந்தையாருக்குக் காய்கறி ஏற்றும் லாரிகள் உண்டு. லாரியிலும் அதே துன்பம். வாடகைச் சீருந்திலும் அதே துன்பம். காற்று முகத்தில் அறையும் விசையுந்தில் மட்டும் குமட்டல் இல்லை. அதற்காகவே நண்பர் பெரிய விசையுந்து ஒன்றை வாங்கினார். அவருடைய இல்லறம் இரண்டு டயர்களின்மேல் நின்றது என்றால் அது மிகையன்று.

தங்கையின் திருமணத்திற்கென்று அம்மையார் வத்தலக்குண்டு சென்றிருந்த வேளையில், பின்சக்கர டயர் தேய்ந்து நூல் தெரிந்தது. அந்நாளில் டயர் கிடைப்பது அரிது. மதுரைக் கடைக்காரர்கள் அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். மாமனார் பொறுக்கவில்லை. உருளைக்கிழங்கு ஏற்ற வந்த லாரி ஓட்டுநரிடம் சொல்லியனுப்பினார். ஓட்டுநர் நண்பர் வீட்டு வாசலில் எங்கள் இருவர் முன்னும் நின்று, மனப்பாடம் ஒப்பிப்பவர்போல் சொன்னார்:

"பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள வெரசா வண்டியோட வந்து கூட்டிட்டுப் போகணுமாம். இல்லைன்னா பாப்பா அங்கனயே கெடக்கட்டும், நீங்க மாத்தல் வாங்கிட்டுக் கீழ வந்துரணுமாம். அங்கிட்டு ஒரு பள்ளிக்கூடத்துல மொதலாளி பேசி வச்சுட்டாருங்க."

நண்பர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அவர் பாச்சலூரில் பிறந்து மலையிலேயே வளர்ந்தவர். சமவெளி வெயிலில் அரைநாள் நின்றால் மயங்கி விழுவார். அட்டுவம்பட்டி வீட்டை அவரே வரைபடம் போட்டுக் கட்டி ஓராண்டுதான் ஆகியிருந்தது. நட்ட பேரிக்கன்றுகள் இடுப்பளவுகூட வளரவில்லை. வீடிருந்தால் மனைவி இல்லை; மனைவி வேண்டுமென்றால் வீடில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு டயர்தான் குறை.

அந்த டயரை அவர் ஒரு கோழிக்கூட்டில் கண்டெடுத்தார். பாதிரியார் ஒருவர் தாயகம் திரும்பியபோது விட்டுச்சென்ற பழைய சிறு சீருந்து ஒன்று, ஒரு பங்களாவின் கொட்டகையில் கிடந்தது. அதன் இருக்கையில் கோழிகள் அடைகாத்தன. மாற்றுச் சக்கரத்திலிருந்த டயர் மட்டும் தரையையே தொடாமல் பூவேலைப்பாடு குன்றாதிருந்தது. அதன் பக்கத்தில் பொறித்திருந்த உள்விட்ட எண்ணும் விசையுந்துச் சக்கரத்தின் எண்ணும் ஒன்று. எண்கள் ஒத்துவிட்டால் கணித ஆசிரியருக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

அன்று மாலை, விடுமுறையிலும் விடைத்தாள் திருத்தப் பலர் வந்திருந்த ஆசிரியர் அறையில், பலகையில் இரண்டு படங்கள் வரைந்தார். விசையுந்து டயர் உருண்டையானது, ஆகையால் சாலையை நாணயமளவே தொடுகிறது. சீருந்து டயர் தட்டையானது, ஆகையால் உள்ளங்கையளவு தொடுகிறது. உள்ளங்கை நாணயத்தைவிட எத்தனை மடங்கு பெரிதோ அத்தனை மடங்கு பிடிப்பு. ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய இயற்பியல் ஆசிரியர் அவருக்குப் பின்னால் ஏறிச் செல்ல வேண்டியவரல்லர், எனவே பாராட்டினார்.

மூஞ்சிக்கல்லில் விசையுந்துகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். அவராவது தடுப்பார் என்று எண்ணி நானும் உடன் சென்றேன். அவர் டயரை உருட்டிப் பார்த்து மகிழ்ந்தார்.

"செஞ்சிறலாம் சேர். தோட்டத்துல இருக்கையில தொரையோட வண்டிக்கு லொறிச் சில்லே பூட்டியிருக்கோம்."

சில்லு என்று அவர் சொன்ன அந்தச் சக்கரம் நன்றாக ஓடியதா என்று வினவினேன்.

"ஓடலைங்க, நின்னுச்சு. ஆனா நல்லா நின்னுச்சு."

நெடுநாள் கிடந்து மரம்போல் விறைத்திருந்த டயர் சக்கரத்தில் ஏற மறுத்தது. வெந்நீரில் ஊறவைத்தார்கள், சவர்க்கார நுரை பூசினார்கள், நெம்புகோலால் நெம்பினார்கள், இருவர் ஏறி மிதித்தார்கள். காற்றை மிகுதியாக அடித்தபின் பேரொலியுடன் போய் அமர்ந்தது. பிறகு மண்காப்புத் தகட்டில் உராய்ந்தது, தகட்டை வளைத்தார்கள். சங்கிலி மூடியில் உராய்ந்தது, மூடியை வெட்டினார்கள். டயரைத் தவிர அனைத்தும் டயருக்கேற்ப மாறின. கடைசியில், தாங்கியை மடக்கியும் வண்டி சிறிது நேரம் தானே நின்றது. அதைக் கண்டு நண்பரின் கண்கள் கலங்கின.

சோதனை ஓட்டம் பள்ளியின் பந்தாட்டத் திடலில் நடைபெற்றது. ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரையில் வண்டி நூல் பிடித்தாற்போல் சென்றது. அங்கே நண்பர் இறங்கி, பின்புறத்தைத் தூக்கித் திருப்பிவைத்து, மறுபடியும் நூல் பிடித்தாற்போல் வந்தார். சூழ நின்ற ஆசிரியர்கள் கைதட்டினார்கள். எதற்காகத் தூக்கித் திருப்பினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறந்தகத்தில் தங்கிவிட்ட பெண்ணை அழைத்துவரத் தனியே செல்லுதல் கூடாது. மூத்தவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். அந்த மூத்தவன் நானானேன். விசையுந்தின் பின்னிருக்கையில் அமர்ந்து மலையிறங்கினேன்.

விசையுந்து வளைவில் சாய்ந்து திரும்புவது. சீருந்து சாயாமல் திரும்புவது. சீருந்தின் டயர் இதை மறக்கவில்லை. நண்பர் சாய்த்தபோதெல்லாம் அது தட்டையான அடியை ஊன்றி நிமிர்ந்து, வளைவை விட்டுப் பள்ளத்தாக்கைக் காணப் புறப்பட்டது. சாலை ஒரு பக்கம் சரிந்திருந்த இடங்களில் வண்டியும் அப்பக்கமே ஒதுங்கியது. உடலை வெளியே தள்ளிச் சாயுமாறு எனக்குக் கட்டளை வந்தது. வேட்டியைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவின் மேல் தலைகீழாய்த் தொங்கும் பயிற்சி எனக்கில்லை. கொண்டையூசி வளைவு வரும்போதெல்லாம் இறங்கி நடந்தேன். விசையுந்தில் மலையிறங்கினேன் என்பதைவிட விசையுந்தோடு மலையிறங்கினேன் என்பதே பொருந்தும்.

காட்ரோட்டுக்கு வந்ததும் சாலை நேரானது. டயர் தன் உலகை அடைந்தது. வத்தலக்குண்டு வரையில் வண்டி அதிராமல், ஆடாமல், எண்ணெயில் வழுக்குவதுபோல் விரைந்தது. அந்தச் சில கல் தொலைவில் நண்பர் மலையையே மறந்தார். இறங்கும்போது எடை முன்சக்கரத்திற்குப் போய்விடுகிறது, ஏறும்போது பின்சக்கரத்திற்கு வரும், அப்போது டயர் தன் வேலையைச் செய்யும் என்று எனக்கு விளக்கினார். பலகை இல்லாத குறையை, ஒரு கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலில் விரலால் வரைந்து தீர்த்துக்கொண்டார்.

மாமனார் வண்டியைச் சுற்றிவந்தார். கைகளால் தள்ளிப் பார்த்தார், அது விழவில்லை. லாரிகளை ஆள்பவருக்கு டயர் பெரிதாக இருந்தால் போதும்.

"இப்பத்தான் மாப்ள வண்டி வண்டி மாதிரி இருக்கு. முன்னாடி இருந்தது சைக்கிளு."

வளைவுகளில் நேர்ந்ததை நான் எடுத்துரைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, நீங்க பின்னால வெறகுக் கட்டு மாதிரி வெறச்சுக்கிட்டு ஒக்காந்தா எந்த வண்டிதான் வளையும்?"

தெருவிலிருந்து வந்து பார்த்தவர்கள் அனைவரும் அவர் பக்கம் சேர்ந்து சிரித்தார்கள். அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. என் வேட்டியின் விளிம்பில் ஏறியிருந்த செம்மண்ணைப் பார்த்தார். திரும்பும்போது நான் எதில் வருவேன் என்று கேட்டார். பேருந்தில் என்றேன். அவர் உள்ளே சென்று எலுமிச்சம்பழங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டதை நான் கண்டேன்.

மறுநாள் காலை அவர்கள் முன்னே கிளம்பினார்கள். நான் அடுத்த பேருந்தில் ஏறினேன். டம்டம் பாறைக்கு மேல் ஒரு கொண்டையூசி வளைவில் பேருந்து நின்றது. விசையுந்து வளைவைப் பொருட்படுத்தாமல் நேரே சென்று, மலைப்பக்கத்து வடிகாலில் முன்சக்கரத்தை நட்டு, மண்சுவரில் முகத்தை வைத்திருந்தது. நல்வாய்ப்பாக ஒருவருக்கும் அடியில்லை. நண்பர் வண்டியின் பின்புறத்தைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார். அம்மையார் பையுடன் சாலையோரக் கல்லின்மேல் நின்றிருந்தார்.

நடத்துநர் தலையை நீட்டினார். "என்ன சார், மலைமேல ஏறச் சொன்னா மலைக்குள்ள ஏறுது?"

பேருந்து முழுவதும் சிரித்தது. அம்மையார் படியில் கால் வைத்தார்.

"கொடைக்கானலுக்கு ஒரு டிக்கெட் போடுங்கண்ணே."

நண்பர் ஓடிவந்தார். அவருடைய முகத்தில் அச்சத்தைக் கண்டேன். பேருந்து திரும்பி வத்தலக்குண்டுக்கே போய்விடும் என்பதுபோன்ற அச்சம் அது. "பஸ்ஸு ஒனக்கு ஒத்துக்காதே" என்றார்.

"ஒத்துக்காதுதான். வாந்தி வந்தா வாயக் கழுவிக்கிறலாம். வண்டி வளையாதாம், ஒவ்வொரு வளைவுக்கும் நான் வளையணுமாம். இந்தப் பக்கம் தொங்கு, அந்தப் பக்கம் தொங்குன்னு என் இடுப்பு போச்சு. நீங்க பின்னால வாங்க. வீட்டுச் சாவியக் குடுங்க."

நண்பர் சாவியை எடுத்துக் கொடுத்தார். அதைவிட விரைவாக அவர் ஒரு செயலைச் செய்து நான் கண்டதில்லை. வீட்டுச் சாவியைக் கேட்ட பெண் வீட்டுக்குத்தான் போகிறார் என்னும் கணக்கு அவருக்குப் பலகையின்றியே விளங்கிற்று.

அம்மையார் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி ஊத்து என்னும் ஊர் வரையில் தாக்குப்பிடித்தார். அதன்பின் நடந்ததை எழுதுதல் முறையன்று. பெருமாள்மலையில் இறங்கி முகம் கழுவினார், மீண்டும் ஏறினார். அட்டுவம்பட்டி வீட்டின் கதவைத் திறந்து, துணிகளை அலமாரியில் அடுக்கி, அடுப்பு மூட்டியபின்தான் நண்பர் வந்து சேர்ந்தார். வளைவுதோறும் இறங்கித் தூக்கித் திருப்பி, முழங்கைகளில் சேறு பூசி வந்திருந்தார்.

அதன்பின் அவ்வம்மையார் அந்த விசையுந்தில் ஏறவேயில்லை. பேருந்திலேயே போய்வந்தார், சில ஆண்டுகளில் வளைவுகளில் உறங்கவும் பழகிக்கொண்டார். மாற்றல் பேச்சு எழவில்லை. பேரிமரங்கள் காய்த்தன. நண்பரோ அடுத்த திங்களன்றே ஆசிரியர் அறைப் பலகைக்குப் போய்விட்டார். டயர் பூட்டுமுன் மனைவி பேருந்தில் ஏறமாட்டார். டயர் பூட்டியபின் ஏறினார். ஆகவே அவரை மலையேற்றியது டயரே என்று நிறுவினார். இயற்பியல் ஆசிரியர் மறுபடியும் பாராட்டினார். விழா மலரில் வந்திருப்பது அந்த நிறுவலின் பேரன்.

நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன், பிழைகள் இருக்கக்கூடும். விசையுந்து மண்ணில் முட்டிய வளைவு டம்டம் பாறைக்கு மேலா கீழா என்பதிலும், வெட்டியது சங்கிலி மூடியையா மண்காப்பையா என்பதிலும் எனக்கு முழு உறுதியில்லை. அறிந்தவர்கள் எழுதித் திருத்துவார்களாக. குறிப்பாக அவ்வம்மையார் இதைப் படிக்க நேர்ந்தால், காட்ரோட்டிலிருந்து அந்த வளைவு வரையிலான பகுதியை அவரே எழுதித்தர வேண்டுகிறேன். நான் பின்னால் பேருந்தில் இருந்தேன். அவர் கணவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இரு பக்கமும் தொங்கிப் பார்த்தவர் அவர் ஒருவரே.