கட்டிய அலை

சுனாமிக்குப் பிறகு நிவாரணம் கொடுக்க வந்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன், ஊருக்குத் திரும்பும்போது எங்கள் கடையில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனான். மந்திரவாதிகளும் வாள்வீரர்களும் வரும் மேசை விளையாட்டு ஒன்றின் விதிப் புத்தகம் அது. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பகடைகளை அவன் தந்துவிட்டுப் போகவில்லை. நாங்கள் புளியங்கொட்டைகளில் இலக்கம் எழுதி, பால்மா டின்னுக்குள் போட்டுக் குலுக்கினோம்.

செங்கலடிச் சந்திக்குப் பக்கத்தில், போன் கதைக்கவும் போட்டோக்கொப்பி எடுக்கவும் ஆட்கள் வரும் கொமினிக்கேஷன் ஒன்றில் அப்போது எனக்கு வேலை. அதன் பின்னறைதான் எங்கள் மந்திரலோகம். ஆங்கிலம் கொஞ்சம் வாசிப்பேன் என்பதால் கதை நடத்துபவன் நான். ஏறாவூர்க் கூட்டாளி மந்திரவாதி, கல்குடாக் கூட்டாளி வாள்வீரன்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர்களைக் கண்டால் நாலு கேள்வி கேட்க வேண்டும். மந்திரவாதியின் கவனம் இருக்கும்வரை மந்திரம் நிலைக்கும் என்று எழுதிவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். கவனம் என்றால் என்ன? தும்மினால் கலையுமா? ரோல்ஸ் தின்றால்? எனக்கு விதி என்றால் விதி. ஏறாவூரான் பிளேன்டீ ஊற்ற எழும்பினாலே அவனுடைய நெருப்புச் சுவரை அணைத்துவிடுவேன். ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவனிடம், "சுவர் விழுந்திட்டு" என்றேன்.

"தொழக்குள்ள என்ட கவனம் கலையாதுடா."

"சரி, அந்தக் கவனம் சுவரிலயாடா இருந்த?"

கொஞ்சம் யோசித்தான். சிரித்துக்கொண்டே சுவரை விட்டுக்கொடுத்தான்.

கதைக்குள் கடலை மட்டும் நான் கொண்டுவரவில்லை. கல்குடாக்காரனின் அம்மா சுனாமியில் போனவர், உடலும் கிடைக்கவில்லை. ஆகவே காடு, குகை, மலை என்றே சுற்றினோம். கடைசியில் அவனே சலித்துப்போனான். "எத்தின நாளைக்குடா காட்டுக்குள்ளயே சுத்துற? கடலுக்குப் போவம்."

போனோம். கரையோரக் கிராமம் ஒன்றை நோக்கிப் பேரலை வந்தது. மந்திரவாதி அதை அந்தரத்தில் நிறுத்தினான். வாள்வீரன் சனத்தை மேட்டுக்கு ஏற்றத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்துச் சந்தியில் வெடிச்சத்தம். கடைகளெல்லாம் படபடவென்று பூட்டின. ஏறாவூரான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். அடுத்த கிழமையே விசா வந்து, கட்டாருக்கும் போய்விட்டான்.

"மந்திரவாதி இல்ல, கவனமும் இல்ல. அலை விழுந்திட்டு" என்று தீர்ப்புச் சொன்னேன். கல்குடாக்காரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கட அம்மன் கோயில் சடங்குக்குப் பூசை செய்யிற கட்டாடியார் மந்திரத்தால ஊரெல்லையைக் கட்டுறவர். மறுகா அவர் சோறு தின்னப் போறார், படுக்கிறார். கட்டு அவுந்தா போகுது? கட்டினவர்தான் அவுக்கணும். அவன் அவுக்கல்ல."

"இது கட்டாடியார்ர புத்தகமில்லடா!"

"மந்திரம் எங்கயும் மந்திரந்தான்."

விதியை இப்படி வாசிக்க எங்கள் பக்கத்து ஆளால்தான் முடியும். மந்திரவாதியாக நானே இருந்து அலையைப் பிடிக்கிறேன் என்றேன். கேட்கவில்லை. ஏறாவூரானின் அழைப்பு எப்போதாவது வரும். அப்போதெல்லாம் இவன் கடையில் இருக்கமாட்டான். நான் விசாரித்துச் சொல்கிறேன் என்றால், "நானே கேக்கணும்" என்பான். டின் அலமாரியில் தூசி பிடித்தது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் அவனுக்கு அது விளையாட்டில்லை என்று விளங்கியதால் வாயை மூடிக்கொண்டேன்.

யுத்தம் முடிந்த கிழமை சந்தியில் பட்டாசு கொளுத்தினார்கள். நாங்கள் இருவரும் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருந்தோம். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. போன் அடித்தது. நாங்கள் சுகமா என்று ஏறாவூரான் கேட்டு முடிக்குமுன் கல்குடாக்காரன் போனைப் பறித்தான். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மச்சான், அலையப் பிடிச்சிருக்கியா, விட்டுட்டியா?"

அங்கே ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"விடல்லடா. பிடிச்சிக்கிட்டுத்தான் இரிக்கன். கையெல்லாம் நோகுது. கெதியாச் சனத்த ஏத்து."

நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. கல்குடாக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினான். வலைக்காரர்கள், பிள்ளைகள், ஒரு கிழவன், கிழவனின் நாய்.

"எல்லாரும் ஏறியாச்சா? விடவா?" என்று கேட்டான் ஏறாவூரான்.

"பொறு மச்சான். அம்மா வாறா."