பரிபூரணக்கா கையைத் தூக்கிய மே தினம்

பரிபூரணக்காவை யாராவது செவிடு என்று சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். அவளுக்குக் காது கேட்காதுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ராஜபாளையத்தில் விசைத்தறிச் செட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு வருஷம் நின்றவர்களில் யாருக்கு முழுசாகக் கேட்டது? எங்கள் தெருவில் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொண்டால்கூடச் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஆள் வருவார்கள். அந்த லட்சணத்தில் இவளை மட்டும் செவிடு என்றால் கோபம் வராதா?

நான் அசீனா. அதே செட்டில் நூல் சுற்றும் மிஷினில் வேலை பார்த்தேன். எங்களுடையது தனி அறை, அதனால் என் காது தப்பித்தது. அக்கா உள்ளே நாலு தறி பார்த்தாள். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிற துணிதான் எங்கள் செட்டில் ஓடும். அத்தனை தறியும் ஓடும்போது வாய்க்கு வேலையே கிடையாது, கைதான் பேசும். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். விரித்த கையைத் தலைக்கு மேலே தூக்கினால் மட்டும் யாரும் விளையாட மாட்டார்கள். யாருடைய கையோ சேலையோ பெல்ட்டில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஏன், எதற்கு என்று கேட்காமல் ஃபிட்டர் முத்துராமலிங்கம் பாய்ந்துபோய் மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவார்.

எண்பத்து நாலில் என் முந்தானை பெல்ட்டில் சிக்கி என்னை இழுத்துக்கொண்டு போனது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. தற்செயலாகத் திரும்பிய பரிபூரணக்கா கதவு வழியாகப் பார்த்துவிட்டாள். அவள் கை தூக்கினாள், மெயின் இறங்கியது, நான் இன்றைக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசட்டும், பார்க்கிறேன்.

அக்காவுக்குப் பாட்டு என்றால் பைத்தியம். அதிலும் காளிராஜ், சமுத்திரம் ஜோடிப் பாட்டு. இரண்டு பேரும் வ. புதுப்பட்டிக்காரர்கள். வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் ஊர் ஊராகப் போய்ப் பாடுவார்கள். காளிராஜ் உடுக்கை அடித்துக்கொண்டே பாடுவார், சமுத்திரம் குழல் ஊதுவார். வேறு ஆள் கிடையாது. அக்காவின் புருஷன் தவசிமுத்து கொத்தனார், தங்கமான மனுஷன். கல்யாணமான புதிதில் அவளைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர், பிளவக்கல் அணை என்று அந்த ஜோடி பாடின இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். 'மேக்க இடி இடிச்சா மேலு குளுருதடி, பிளவக்கல்லு நெறஞ்சா பிஞ்ச மனசும் தைக்குதடி' என்று ஒரு பாட்டு. அதைத் தறி பக்கத்தில் நின்று அக்கா வாய்க்குள் பாடிக்கொண்டே இருப்பாள். நான் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன்.

எண்பத்தெட்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். பாதிப் பாட்டில் அக்கா என் தொடையைத் தட்டினாள்.

"ஏட்டி அசீனா, இன்னைக்கு ஏன் கொழல் ஊதல? சும்மா வாயில வச்சிட்டு நிக்கிறாவ?"

சமுத்திரம் கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள். அவள் காதுக்கு முதலில் குழல் போனது, பிறகு காளிராஜின் குரல் போனது, அதற்கும் பிறகு உடுக்கையும் போனது. 'வாயைப் பாக்கறதுக்கு எதுக்குட்டி அம்புட்டுத் தூரம் போகணும்?' என்று சொல்லிவிட்டு, பாட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அழவில்லை, புலம்பவில்லை. தறி பக்கத்தில் அவள் உதடு அசைவதும் நின்றுபோனது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் ஒரு சேதி வந்தது. காளிராஜ் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார், தோளில் எலக்ட்ரிக் கிட்டார் மாட்டிக்கொண்டார், அதுவும் தடித்தடியாகத் தந்தி வைத்த பேஸ் கிட்டார். சமுத்திரம் குழலை விட்டுவிட்டு கீபோர்டு வாசிக்கிறார். ஆள் உயரத்துக்குப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேறு. செட்டுக்கு எதிரே நைனா முகமது டீக்கடையில் ஒரு வாரத்துக்கு இதே பேச்சுத்தான்.

"பாட்டாய்யா அது? வெல்டிங் பட்டறைக்குள்ள போனாப்ல இருக்கு" என்றார் நைனா முகமது. அவர் அதை இன்னும் கேட்கவேயில்லை.

"கரண்டு போனா பாட்டும் போச்சு. இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றார் இன்னொருவர்.

இளவட்டங்கள் விடவில்லை. "எம்புட்டு நாளைக்குத்தான் உடுக்கையே கேக்கறது? அவியளும் கால்சட்டை மாட்டட்டுமே!"

எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தது காமராஜ். எங்கள் செட்டில் தறி ஓட்டுகிறவர், சங்கச் செயலாளர், தவசிமுத்துவின் சேக்காளி. பாவம், மே தினத்துக்கு அந்த ஜோடியைப் பேசி முடித்ததே அவர்தான். சேதி தெரியுமுன்னே பேசிவிட்டார்.

"கொழல் இல்லாத சமுத்திரம் என்னத்துக்கு? அந்தக் கொழலுக்காகத்தான் நான் கூப்புட்டேன். ஏமாத்திப்புட்டானுக!" என்று டீ ஆறும் வரை கத்தினார்.

மே தினத்தன்று நான் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "வரமாட்டேன்ட்டி" என்றாள். "ஒனக்காக இல்ல, எனக்குத் தொணைக்கு வா" என்றேன். அதற்கு அவள் மறுப்பாளா? செட்டு வாசலில் பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். கரண்டு செட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். மெயின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு முத்துராமலிங்கம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனபோது ஒரே ஓர் இடம்தான் காலி. அந்தப் பெரிய பெட்டிக்கு முன்னால். அதற்குப் பயந்து அங்கே யாரும் உட்காரவில்லை.

பொழுது அடைகிற நேரத்தில் ஆரம்பித்தார்கள். மேக்க இடி இடிச்சா பாட்டுத்தான் முதல். காளிராஜ் அந்தத் தடித்த தந்தியை ஒரு தடவை அழுத்தி மீட்டினார். எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சரி, நைனா முகமது சொன்னது சரிதான் போல என்று நினைத்துக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை, யாருடைய உதட்டையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். அவள் தலை தாளத்துக்குச் சரியாக ஆடியது. பார்க்காமல், தாளத்துக்குச் சரியாக! அடுத்த தடவை தந்தி அதிர்ந்தபோது அவள் வாய் திறந்துகொண்டது, கை தானாக மேலே போனது. விரித்த கை, தலைக்கு மேலே.

டப். விளக்கு போயிற்று, பாட்டு போயிற்று, எல்லாம் போயிற்று.

"யாரு? யாரு கை? எந்தத் தறி?" என்று அலறிக்கொண்டு முத்துராமலிங்கம் கூட்டத்துக்குள் ஓடி வந்தார். தறி ஒன்றும் ஓடவில்லை, லீவு நாள் என்பதே அந்த மனுஷனுக்கு மறந்துபோயிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கையைப் பார்த்து யோசிக்காமல் பாய்கிறவர் என்பதால்தான் நான் இருக்கிறேன்.

கூட்டம் சிரித்த சிரிப்பு அடங்குமுன்னே காமராஜ் எழுந்துவிட்டார். "பாத்தியளா! எங்க மயினியே பொறுக்க மாட்டாம நிறுத்திப்புட்டா! மெயினைப் போடாதலே. உடுக்கையை எடுக்கச் சொல்லு!"

ஒரே கைதட்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. காளிராஜ் கிட்டாரைக் கழற்றி வைத்தார். மூட்டையிலிருந்து உடுக்கையும் குழலும் வெளியே வந்தன. மைக் இல்லாமல், பழையபடியே, அதே பாட்டு. உள்ளதைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அக்காவின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

அக்கா திருதிருவென்று விழித்தாள். "என்னாச்சுட்டி? ஏன் நின்னுபோச்சு? எதுக்கு எல்லாரும் என்னைத் தட்டுதாவ?"

கையாலும் உதட்டாலும் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு கைக்கு வந்த பாட்டு, அவள் கையாலேயே போய்விட்டது. ஊரே அதற்கு நன்றி வேறு சொல்கிறது.

விறுவிறுவென்று மேடைக்கு நடந்தாள். அவள் தடுமாறி ஏறுவதைப் பார்த்த சமுத்திரம் குழலைப் பாயில் வைத்துவிட்டுக் கை கொடுக்க வந்தார். காளிராஜ் மட்டும் உடுக்கையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போது முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த காமராஜ், தொடையில் தாளம் போட்டுக்கொண்டே உரக்கச் சொன்னார்:

"ஆகா! கொழல்னா இதுல்ல கொழலு!"

குழல் பாயில் கிடந்தது. நாலைந்து பேர் களுக்கென்று சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கவில்லை. காமராஜ் கண்ணைத் திறந்தார். பாயைப் பார்த்தார், சமுத்திரத்தின் வெறுங்கையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. தறிச் செட்டுக் குரலில் அவள் பாட்டுக்குப் பேசினாள். "நான் நிறுத்தச் சொல்லல. எனக்குக் கேட்டுச்சு. மூணு வருசமாக் கேக்காத பாட்டு இன்னைக்குக் கேட்டுச்சு. சந்தோசத்துல கை தானாப் போயிருச்சு. காளிராஜண்ணே, அந்தத் தந்தியை இன்னும் செத்த நேரம் மீட்டுங்கண்ணே. ஆண்டவர் ஒங்க ரெண்டு பேரையும் நல்லா வச்சிருப்பாரு."

காளிராஜ் உடுக்கையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். அவள் உதட்டைப் படிக்கிறாள் என்று நான் கீழேயிருந்து சைகை காட்டினேன். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "தாயி, இந்தப் பொட்டியை வாங்குனதுல இருந்து போற ஊரெல்லாம் வசவுதான். வித்துரலாமான்னு நேத்துக்கூடப் பேசிக்கிட்டோம். நீங்கதான் மொத ஆளு." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காமராஜ் எழுந்து வந்து, யாரும் உட்காராத அந்தப் பெட்டிக்கு முன்னால் அக்காவின் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் இறங்கி வந்ததும் அவள் முகத்துக்கு நேரே சொன்னார்: "எனக்கும் கொழல் கேக்கறதில்ல மயினி. பழக்கத்துல தலையாட்டுதேன். வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு." பிறகு திரும்பி, "ஏலே முத்துராமலிங்கம், மெயினைப் போடுலே!" என்று கத்தினார்.

தறிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பெட்டிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. நைனா முகமதுகூட டீ வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

காளிராஜ் கிட்டாரை மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். தந்தி அதிர்ந்தது. அக்காவின் உதடு அசைந்தது, பிஞ்ச மனசும் தைக்குதடி என்று. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை. அந்த இரண்டு பேருக்கும், அந்தப் பெட்டிக்கும், அதைச் செய்த முகம் தெரியாதவனுக்கும் என் ரப்பிடம் கையேந்தித் துஆ கேட்டேன்.

அப்போது அவள் கை மறுபடியும் மேலே போனது. விரித்த கை, தலைக்கு மேலே. அந்தக் கை உயர்ந்ததால் உயிரோடு இருக்கிற நான், கூட்டத்தில் எல்லோருக்கும் முந்தி, தொண்டை கிழியக் கத்தினேன்:

"முத்துராமலிங்கண்ணே! தொட்டுறாதீய!"

அவர் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தொடலம்மா, நான் தொடல" என்று அழுகையும் சிரிப்புமாக நின்றுகொண்டிருந்தார்.